சுரங்கப் பாதுகாப்பு விளக்கில் ஜோதி நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ஒலிம்பிக் சுடரை விமானத்தில் ஏற்றும்போது பந்தத்தில் ஏற்றுவதில்லை. சுரங்கத் தொழிலாளர் பாதுகாப்பு விளக்கின் அமைப்பில் செய்த விளக்குக்குள் வைத்துத்தான் கொண்டுபோகிறார்கள். 2012 மே மாதம் ஏதென்ஸிலிருந்து இங்கிலாந்தின் கல்ட்ரோஸ் விமானதளத்துக்கு அப்படித்தான் போனது. அதே குடும்பத்து விளக்குகள், இங்கிலாந்தின் எக்கிள்ஸ் ஊர் புரொடெக்டர், வேல்ஸின் அபெர்டேர் ஊர் தாமஸ் அண்ட் வில்லியம்ஸ், கொல்கத்தா வேலாக்ஸ் முதலியவை, சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பள்ளி, கல்லூரி விளையாட்டு விழாவுக்கு ஜோதி கொண்டுவர அதில் ஒன்றை எடுக்கும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும் கீழே. சேகரிப்பு மதிப்புள்ள விளக்கு என்பதால் ஒவ்வொரு இடத்திலும் மலிவான, கழற்றிப் போடக்கூடிய வேலை முதலில். அறுப்பதும் ஈயப்பற்று வைப்பதும் கடைசியில்.

## எதையும் தொடுவதற்கு முன்

முதலில் இது உண்மையான பாதுகாப்பு விளக்குதானா என்று பாருங்கள். மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே எஃகுக் கம்பி வலைத்தொப்பி இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. அங்குலத்துக்கு 28 கம்பி, அதாவது 1 செ.மீ. அளவுகோல் வைத்தால் 11 கம்பி எண்ண முடிய வேண்டும். வலையே இல்லை, அல்லது சல்லடை மாதிரி பெரிய கண் என்றால் அது வரவேற்பறை அலங்காரப் பொருள். அதில் எரிபொருள் ஊற்றாதீர்கள். இந்தக் கட்டுரையும் அதற்குப் பொருந்தாது.

அடுத்தது அடித்தொட்டி. நிரப்பும் திருகைக் கழற்றி உள்ளே பாருங்கள். பஞ்சு அடைத்திருந்தால் அது நாப்தா விளக்கு. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவம்தான் எரிபொருள். பஞ்சு இல்லாமல் வெறும் தொட்டியும் பட்டைத் திரியும் இருந்தால் எண்ணெய் விளக்கு; அதற்குச் சுத்தமான மண்ணெண்ணெய் அல்லது விளக்குக்கென்று விற்கும் பாரஃபின் எண்ணெய். இரண்டையும் மாற்றிப் போடுவதால்தான் பாதிக் கோளாறு வருகிறது.

பெட்ரோல் எதிலும் கூடாது. இங்கே விற்கும் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. தொட்டி சூடானதும் ஆவி அழுத்தம் ஏறிச் சுடர் கட்டுக்கு அடங்காது. பெயின்ட் தின்னரும் கூடாது, புகை தள்ளும்.

## அறிகுறி 1: பற்றவே மாட்டேன் என்கிறது, அல்லது பற்றிச் சில நிமிடத்தில் அணைகிறது (வீட்டுக்குள், காற்று இல்லாத இடத்தில்)

எரிபொருள். விழா ஜோதி என்பதால் நல்லெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் ஊற்றலாமே என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மரியாதை புரிகிறது; ஆனால் இந்தத் திரிக்குழாய் அதற்குச் செய்ததல்ல. நெய்யும் தேங்காய் எண்ணெயும் மார்கழிக் காலையில் உறைந்து திரியை அடைத்துவிடும். தேங்காய் எண்ணெய் உறைய 24 டிகிரிக்குக் கீழே வந்தால் போதும். விளக்கெண்ணெய் இவ்வளவு உயரம் ஏறாது. ஏற்கெனவே ஊற்றியிருந்தால் தொட்டியைக் கவிழ்த்து வடித்து, பஞ்சை வெளியே எடுத்து எறிந்து, நாப்தாவால் இரண்டு முறை அலசி, புதுப் பஞ்சு அடையுங்கள். ஜோதியைக் குத்துவிளக்கில் நெய்யில் ஏற்றி, அதிலிருந்து மெழுகுத்திரியால் பாதுகாப்பு விளக்குக்கு மாற்றினால் இரண்டு பேர் மனமும் நிறையும்.

திரி. கருகிய நுனியைக் கூரான கத்திரியால் நேராக வெட்டி, பட்டைத் திரியானால் இரு மூலையையும் ஒரு இழை குறையுங்கள். புதுத் திரியானால் எரிபொருள் ஊற்றி 15 நிமிடம் ஊறிய பிறகே பற்றவையுங்கள். உலர்ந்த திரியில் தீ வைத்தால் பஞ்சு கருகி அடுத்த தடவையும் ஏறாது. மழைக்காலத்தில் திரி ஈரம் இழுத்திருக்கும். போடுமுன் வெயிலில் காய வையுங்கள். பருத்தித் திரி மட்டுமே. குழாய்க்குள் இரண்டு விரலால் இழுத்தால் வழுக்கி வர வேண்டும். இறுக்கிச் சொருகிய திரி எரிபொருளை மேலே விடாது.

பஞ்சு. பழைய பஞ்சு கட்டியாகி அடியில் உட்கார்ந்திருக்கும், திரியைத் தொடாது. குறடால் வெளியே எடுத்து மாற்றுங்கள். தளர்வாக அடைக்க வேண்டும். திரியின் வால் பஞ்சின் நடுவே சுருண்டு கிடக்க வேண்டும்.

காற்று வழி. திரியும் எரிபொருளும் சரி, சுடர் மட்டும் சுருங்கிச் சுருங்கி அணைகிறது என்றால் காற்றுத் துளைகளைப் பாருங்கள். பித்தளைப் பாலிஷ் காய்ந்து துளையை அடைத்திருப்பது சேகரிப்பு விளக்குகளில் அடிக்கடி காண்பது. பல்குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம். அடுத்தது வலை. தூசும் எண்ணெய்ப்பிசுக்கும் படிந்த வலை மூச்சை அடைக்கும். மென்மையான தூரிகையும் வெந்நீரும் சோப்பும் போதும். கழுவியதும் உடனே வெயிலில் அல்லது தலைமுடி உலர்த்தும் கருவியால் முழுக்கக் காய வையுங்கள். எஃகு வலையில் ஈரம் ஓர் இரவு நின்றால் துரு.

காற்று வரவில்லை என்று வலையைக் கழற்றிவிட்டு ஏற்றுவது மட்டும் ஒருபோதும் வேண்டாம். காற்றை உள்ளே விட்டு, சுடர் வெளியே இருக்கும் ஆவிக்குத் தாவாமல் தடுப்பது அந்த வலைதான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அணைந்தால் திரிக்குழாய் அடியில் விரிசலோ ஈயப்பற்று விட்டதோ இருக்கலாம். அது பட்டறை வேலை. கசிவுப் பகுதியில் பாருங்கள்.

காருக்குள் மட்டும் அணைகிறதா? கண்ணாடியை இறக்குங்கள். காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 16 விழுக்காட்டுக்கு இறங்கினால் இந்தச் சுடர் அணையும். அப்படியானால் உள்ளே இருப்பவர்களுக்கும் அது நல்ல காற்றல்ல. நம் ஊர்க் கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்த்த வழக்கத்துக்குக் காரணம் இதுதான். ஆனால் பழைய சேகரிப்பு விளக்கை வைத்துக் கிணற்றையோ கழிவுத் தொட்டியையோ சோதிக்காதீர்கள். அதற்கு வாயு அளவி இருக்கிறது.

## அறிகுறி 2: உள்ளே நன்றாக எரிகிறது, வெளியே கொண்டுபோனால் அணைகிறது

கொங்கு நாட்டில் இதுதான் முதல் புகார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் வரை காற்றாலைகளையே சுற்றுகிறது, விளக்கை விடுமா? ஆனால் மூடிபோட்ட நல்ல விளக்கு அந்தக் காற்றைத் தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் எங்கோ சந்து இருக்கிறது.

ஊதுபத்திச் சோதனை. விளக்கை ஏற்றி, காற்றில்லாத அறையில் வைத்து, புகையும் ஊதுபத்தியைக் கண்ணாடியின் அடி விளிம்பைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். காற்றுத் துளை இருக்கும் இடத்தில் மட்டும் புகை உள்ளே இழுபட வேண்டும். கண்ணாடி விளிம்பில் இழுபட்டால் வாஷர் போய்விட்டது. மேல் விளிம்பிலும் செய்யுங்கள். அங்கே புகை வெளியே தள்ளப்பட்டால் அதே கதை.

வாஷர் மாற்றுவதில் ஓர் எச்சரிக்கை. பழைய விளக்குகளின் வெள்ளை, சாம்பல் நிற வாஷர் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரால் நன்றாக நனைத்து, முழுசாகத் தூக்கி எடுத்து, ஈரத்துடனேயே இரட்டை பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். மாற்று வாஷருக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பம்ப்செட் ஊரான கோவையில் கேஸ்கட் கடைக்குக் குறைவில்லை. செராமிக் ஃபைபர் தாள் அல்லது கிராஃபைட் ஷீட் கேளுங்கள். ரப்பரும் கார்க்கும் கருகிவிடும். தடிமன் பழைய வாஷர் அளவே. தடித்தால் அடிப்பகுதி முழுசாக மரை ஏறாது. மெலிந்தால் கண்ணாடி ஆடும்.

மேல்மூடி. வலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும் மூடியில்லாத டேவி வகை விளக்கு அழகானது, ஆனால் காற்றில் நிற்காது. அதை மேடையில் வையுங்கள், வண்டியில் வேறு விளக்கை அனுப்புங்கள். மூடியுள்ள விளக்கில் மூடி ஒரு பக்கம் ஒடுங்கி வலையைத் தொட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆட்டம், சாய்வு. விளக்கைக் கையில் பிடித்து ஓடக் கூடாது. ஓடுவது பந்தம், விளக்கு வண்டியில் வரும். மரப்பெட்டியில் 5 செ.மீ. மணல் பரப்பி, அதில் விளக்கின் அடியை 2 செ.மீ. புதைத்து, கொக்கியை மேலே நாடாவால் கட்டினால் மேடு பள்ளத்தில் ஆடாது. காற்றுத் துளை அடிவளையத்தில் இருக்கும் விளக்கானால் மணல் அதை மூடிவிடும். அதற்கு மரத்தில் வட்டக் குழி வெட்டுங்கள்.

சோதித்து முடிப்பது. மேசை மின்விசிறியை 2 மீட்டர் தள்ளி முதல் வேகத்தில் வைத்து, விளக்கைக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பி ஒவ்வொரு பக்கத்துக்கும் 5 நிமிடம் கொடுங்கள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் அணைந்தால் அந்தப் பக்கத்தை வண்டியின் பின்பக்கம் பார்த்து வைத்தாலே போதும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒற்றை விளக்கில் ஜோதியை அனுப்பாதீர்கள். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் மழை கொட்டி மைதானச் சுடர் அணைந்தது. ஒருவர் லைட்டரால் பற்றவைத்துவிட்டார். பிறகு அதை அணைத்து, ஒலிம்பியாவில் ஏற்றிய சுடரின் மாற்று விளக்கிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். நம் விழாவுக்கும் அதே முறை வேண்டும்: ஒரே சுடரிலிருந்து ஏற்றிய இரண்டு விளக்கு, இரண்டு வண்டியில்.

## அறிகுறி 3: புகைகிறது, கண்ணாடி கருக்கிறது

சுடர் உயரத்தை அளந்து பாருங்கள். 12 முதல் 15 மி.மீ. போதும், அதற்கு மேல் புகைதான். அடியிலுள்ள திருகுக் கம்பியால் இறக்குங்கள். ஏற்றியதும் சின்னதாக வைத்து, 10 நிமிடம் கழித்து உயர்த்துவது நல்ல பழக்கம்.

இறக்கியும் புகைந்தால் திரியைக் கோணலாக வெட்டியிருப்பீர்கள், அல்லது நாப்தா விளக்கில் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் காற்றுத் துளை, வலை.

ஊட்டி, கோத்தகிரிப் பள்ளிகளுக்கு: மேட்டுப்பாளையத்தில் சரியாக எரிந்த சுடர் மலை உயரத்தில் புகையலாம், காற்று அங்கே மெலிது. சுடரை 10 மி.மீ. அளவுக்கு இறக்கிவையுங்கள்.

கருத்த கண்ணாடியைச் சூட்டோடு துடைக்காதீர்கள். ஆறியதும் ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணி.

## அறிகுறி 4: தானாகவே சுடர் ஏறுகிறது, தொட்டி சுடுகிறது

இதைத் தள்ளிப்போடக் கூடாது. அடித்தொட்டியைக் கை வைத்துப் பிடிக்க முடியாத அளவு சூடானால் திரியை இறக்கி அணைத்துவிடுங்கள். ஜோதியை இரண்டாவது விளக்கு காக்கட்டும்.

பெரும்பாலான நேரம் காரணம், அளவுக்கு மேல் ஊற்றியதுதான். நாப்தா விளக்கில் எரிபொருள் பஞ்சுக்குள் மட்டுமே இருக்க வேண்டும், தளும்பக் கூடாது. ஊற்றி 10 நிமிடம் விட்டு, விளக்கைக் கவிழ்த்து மிச்சத்தை வடித்துவிடுங்கள், சொட்டு நிற்கும் வரை. தளும்பும் திரவம் இருந்தால், சூட்டில் அல்லது மலை ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து அதைத் திரி வழியே மேலே தள்ளும். குன்னூர் வளைவுகளில் திடீரென்று சுடர் எழுவது இதனால்தான்.

அடுத்த காரணம் திரி குழாய்க்குத் தளர்ந்திருப்பது. பக்கவாட்டில் ஆவி ஏறும். ஓர் அளவு பெரிய திரி போடுங்கள். மூன்றாவது வெயில். சித்திரையில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் எந்த விளக்கும் சுடும். காலின் கீழ், நிழலில் வையுங்கள். தொட்டியை மட்டும் ஈரத் துணியால் சுற்றலாம். துணி கண்ணாடியைத் தொடக் கூடாது.

வலை சிவக்கிறது, அல்லது சுடர் வலைக்குள் போய் எரிகிறது என்றால் ஊதாதீர்கள், தூக்கி ஓடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். திரியை முழுக்க இறக்குங்கள். அணையவில்லையென்றால் உலர்ந்த மணலால் காற்றுத் துளைகளை மூடுங்கள். அப்படிச் சிவந்த வலையை மறுபடி நம்ப வேண்டாம். ஆறியதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் அந்த வலை காட்சிக்கு மட்டும். புது வலையைத் தன்பாத், அசன்சோல் பக்கத்துச் சுரங்கக் கருவிக் கடைகளில் கேட்டு வாங்க வேண்டும். ஹார்டுவேர் கடை கொசுவலை இதற்கு மாற்று அல்ல.

## அறிகுறி 5: எரிபொருள் வாசம், கசிவு

விளக்கை அணைத்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் ஓர் இரவு வையுங்கள். கறை எங்கே வட்டமாக விழுகிறதோ அங்கே மேலே பாருங்கள்.

- நிரப்பும் திருகின் கீழே: வாஷர். தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். நாப்தா தாங்கும் நைட்ரைல் அல்லது வைட்டான் ஓ-ரிங் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.
- திருகுக் கம்பி நுழையும் இடம்: மெலிந்த கிராஃபைட் நூல் ஒரு சுற்று.
- நடுவில், மூட்டில்லாத இடத்தில்: தொட்டியிலேயே விரிசல். பட்டறைக்கு.

பட்டறையில் கொடுக்குமுன் நாப்தா முழுவதும் போக வேண்டும். பஞ்சையும் திரியையும் எடுத்து, சோப்பு வெந்நீரால் மூன்று முறை அலசி, இரண்டு நாள் திறந்து காய வைத்து, "இதில் நாப்தா இருந்தது" என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் பற்றவைக்கும்போது தொட்டி வெடிக்கும். கேஸ் வெல்டிங் வேண்டாம். மென் ஈயப்பற்று, பித்தளை வேலை பழகிய கையில் மட்டும்.

## அறிகுறி 6: கண்ணாடியில் விரிசல்

இறுக்கம் அதிகம், சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது, சூட்டில் மழைத்துளி: இந்த மூன்றில் ஒன்று. அடிப்பகுதியைக் கையால் இறுக்கும் அளவே போதும், ரிஞ்ச் வேண்டாம். முடியிழை விரிசல்கூட சூட்டில் ஓடும். பசை எதுவும் நிற்காது.

அரிக்கேன் சிம்னி பொருந்தாது. உயரம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரால் அளந்து, ஆய்வகக் கண்ணாடிப் பொருள் செய்பவரிடம் போரோசிலிகேட் குழாயில் வெட்டச் சொல்லுங்கள். இரு முனையும் தட்டையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தடித்த கண்ணாடிப் பலகையில் 220 எண் சிலிக்கன் கார்பைடு தாளை நனைத்து ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்து, 400 எண்ணில் முடியுங்கள். தயாரிப்பாளர் முத்திரை உள்ள பழைய கண்ணாடி விரிசலோடு இருந்தாலும் எறியாதீர்கள். துணியில் சுற்றி விளக்கோடு வையுங்கள்.

## அறிகுறி 7: உள்பற்றி பொறி விடவில்லை

உள்பற்றி என்பது விளக்கைத் திறக்காமலே உள்ளே பொறி விட்டுத் திரியைப் பற்றவைக்கும் அமைப்பு. லைட்டர் கல் ஈரத்தில் பொடிந்து குழாயை அடைத்திருக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றி, பொடியைக் குச்சியால் தட்டி எடுத்து, சாதாரண லைட்டர் கல் போடுங்கள். கல் புதிது, சக்கரம் சுற்றுகிறது, பொறி இல்லை என்றால் சக்கரத்தின் பல் தேய்ந்துவிட்டது. அதை லேத்தில் புதிதாகச் செய்யாதீர்கள். ஜோதிக்கு உள்பற்றி தேவையே இல்லை, ஜோதி வெளியிலிருந்துதான் வருகிறது. விழா முடிந்து அலமாரியில் வைக்கும்போது கல்லை எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 8: அடிப்பகுதி திறக்கவில்லை

ஈய ஆணி பூட்டு என்றால் ஈயத்தை மட்டும் வெட்டித் திறக்கலாம். பழைய முத்திரை பதிந்த ஈயமானால் படம் எடுத்து எடுத்துவையுங்கள். காந்தப் பூட்டு என்றால் பூட்டுக் குழலின் அடியில் வலுவான நியோடிமியம் காந்தம் வைத்துக்கொண்டே இடப்பக்கம் திருப்புங்கள். உள்ளே ஆணி "டிக்" என்று விழும் சத்தம் கேட்கும். கேட்கவில்லையென்றால் துரு, துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு, ஓர் இரவு, மறுபடி காந்தம்.

மரை சிக்கியிருந்தால் பைப் ரிஞ்ச் எடுக்காதீர்கள். பித்தளை வளையம் முட்டையாகிவிடும். இரண்டு பேர், ரப்பர் கையுறை, நேரான பிடி. அதற்கும் வரவில்லையென்றால் கோவையில் கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் அனுபவமுள்ள லேத்காரரிடம் கொண்டுபோங்கள், ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பழைய இங்கிலாந்து விளக்கின் மரை அங்குலக் கணக்கு. மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்காமல், மரை வெட்டும் மில்லிமீட்டர் டேப் விட்டால் விளக்கு போய்விடும்.

இதோடு ஒரு சோதனை சேர்க்க வேண்டும். சில வகைகளில் அடிப்பகுதியைத் திருகித் திறந்தாலே சுடரை அணைக்கும் அமைப்பு உண்டு. சுரங்கத்தில் யாரும் திறந்த சுடரை வெளியே எடுக்கக் கூடாது என்பதற்காகச் செய்தது. அந்த விளக்கில் ஜோதி வந்தால் மைதானத்தில் பந்தத்துக்கு மாற்ற முடியாது. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே எரியும்போது திறந்து பாருங்கள். அணைந்தால் வேறு விளக்கைத் தேர்ந்தெடுங்கள். அணையாத விளக்கிலும், திறந்ததும் காற்றுக்கு முதுகு காட்டி, நீளமான மெழுகுத்திரியால் சுடரை வாங்கி, உடனே மூடுங்கள். பந்தத்தை விளக்கின் மேலே கொண்டுவந்து பற்றவைத்தால் உருகிச் சொட்டுவது திரியில் விழும்.

## அறிகுறி 9: நடுவழியில் எரிபொருள் தீர்கிறது

சமையலறைத் தராசு போதும். வடித்த விளக்கை எடை போட்டு, ஒரு மணி நேரம் எரியவிட்டு, மறுபடி எடை போடுங்கள். மணிக்கு 5 கிராம் குறைந்து, மொத்தம் 60 கிராம் எரிபொருள் ஏற்றியிருந்தால் கணக்கில் 12 மணி நேரம். அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள். எரியும் விளக்கில் எரிபொருள் ஊற்றக் கூடாது. இரண்டாவது விளக்குக்குச் சுடரை மாற்றி, முதல் விளக்கு முழுக்க ஆறிய பிறகு நிரப்புங்கள். ரயிலிலும் பேருந்திலும் எரியும் விளக்கையோ நாப்தா உள்ள விளக்கையோ ஏற்றாதீர்கள். ரயிலில் அது 1989 ரயில்வே சட்டப்படி குற்றம். பொது மைதான விழாவானால் உள்ளூர் தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

## அறிகுறி 10: பித்தளையில் இளஞ்சிவப்புத் திட்டு

புளி போட்டுத் தேய்த்ததின் விளைவு. புளியின் அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அரித்து எடுக்கும். மிஞ்சும் செம்புதான் அந்த நிறம். அது திரும்பாது. புளி, எலுமிச்சை, பீதாம்பரி எல்லாம் குத்துவிளக்கோடு நிற்கட்டும். விளக்குக்கு மென் துணியும் கொஞ்சம் பித்தளைப் பாலிஷும் போதும். பொறித்த எண், பெயர்த்தகடு, முத்திரை இருக்கும் இடத்தில் பாலிஷ்கூட வேண்டாம். வெறும் துணியால் துடைத்தால் போதும். தங்கமுலாம் பூசிய நினைவு விளக்கில் எந்தப் பாலிஷும் படக் கூடாது.